பெர்சியைத் தேடியவர்

யாராவது பேச ஆரம்பித்தால், அவர்கள் முடிக்கும்வரை செட்டர் அண்ணன் வாயைத் திறக்கமாட்டார். இதெல்லாம் ஒரு குணமா என்று தோன்றலாம். ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் முதலுதவி அறையில் பத்தொன்பது வருடம் நர்ஸாக இருந்தேன். ஆயிரக்கணக்கான பேரின் கையையும் காலையும் கட்டியிருக்கிறேன். அப்படி இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

ஒருநாள் உள்ளங்கையைத் தகடு கிழித்து, பஞ்சைப் பொத்திப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே, கேண்டீனில் வேலை செய்யும் அக்கா தலைவலி மாத்திரை வாங்க வந்து, தன் கொழுந்தனார் வீட்டுச் சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு முதுகுப்பக்கம் அவர் நின்றதால் நான் கவனிக்கவில்லை. அக்கா சொல்லி முடித்து, மூக்கைச் சிந்திக்கொண்டு போன பிறகுதான் அவர், "சிஸ்டர், கொஞ்சம் கட்டு போடணும்" என்றார். பஞ்சு முழுக்கச் சிவப்பாகி முழங்கை வரை வழிந்திருந்தது.

"அண்ணா, கூப்பிடறதுக்கு என்னங்க? இவ்வளவு ரத்தம் போயிருக்குது."

"அந்த அம்மா இன்னும் முடிக்கலைல்லா" என்றார்.

கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். பிரஸ் ஷாப்பில் டை செட்டர். தகட்டை அடித்து வளைக்கிற பெரிய மெஷின்களில் அச்சைப் பொருத்திச் சரிபார்ப்பது அவர் வேலை. எல்லோருக்கும் அவர் செட்டர் அண்ணன். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். பதினான்கு வருடம் வேலை செய்தும் காண்டிராக்ட்டில்தான் இருந்தார். அவரைப்போல் அங்கே நிறையப் பேர். நானும் ஒரு ஏஜென்சி மூலம் வந்தவள்தான்.

தையல் போட்டுக் கட்டி முடிக்கும்வரை மேலே சுற்றும் மின்விசிறியையே கேட்டுக்கொண்டிருந்தார். பார்க்கவில்லை, கேட்டார். தலையை லேசாக வலப்பக்கம் சாய்த்து வைத்திருப்பார். "இது இன்னும் ஒரு வாரந்தான் ஓடும், சிஸ்டர்" என்றார். ஒன்பதாவது நாள் நின்றது. அதைச் சொன்னபோது, "ரெண்டு நாள் தப்பிட்டேன்" என்று வருத்தப்பட்டார். பிரஸ் ஷாப்பிலும் அப்படித்தான். பத்து மெஷின் ஒன்றாக இடித்துக்கொண்டிருக்கும்போது நடந்து போகிறவர் நின்று, "நாலாம் நம்பர நிறுத்துங்க" என்பார். நிறுத்திப் பிரித்தால் எங்காவது ஒரு விரிசல் இருக்கும்.

பெர்சியைப் பற்றி அவர் சொன்னது தையல் பிரிக்க வந்த அன்று.

ஐ.டி.ஐ. முடித்துப் பெங்களூரில் ஒரு வருடம் அப்ரண்டிஸாக இருந்திருக்கிறார். தங்கிய அறைக்குப் பின்னால் ஒரு பழைய ஹோட்டல். சனிக்கிழமை சாயங்காலம் அங்கே பேண்ட் வாசிப்பார்கள். உள்ளே போகும் தகுதி இவருக்கு இல்லை. வாட்ச்மேன் சாத்தூர்க்காரர் என்பதால் ஜெனரேட்டர் கொட்டகைப் பக்கம் உட்கார்ந்துகொள்ள விட்டிருக்கிறார்.

"அதுக்குப் பேரு ஜாஸ்னு அப்ப எனக்குத் தெரியாது. நம்ம ஊர்ல பேண்ட் வாத்தியம்னா கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான். இது ரெண்டுலயும் சேராம இருந்துச்சு."

டிரம்பெட் வாசித்தவர் பெயர் பெர்சி. இடைவேளையில் வெளியே வந்து சிகரெட் பிடிப்பார். பிறகு டிரம்பெட்டின் வாயில் ஒரு கிண்ணம் மாதிரி எதையோ செருகிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி மெதுவாக வாசிப்பார். யாருக்காகவும் இல்லை. ஒருநாள் இவரைப் பார்த்து, என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இவருக்குப் பாட்டின் பெயர் எதுவும் தெரியாது. "போன வாரம் வாசிச்சீங்கல்லா, அது" என்றிருக்கிறார்.

பெர்சி சிரித்துவிட்டு, பெங்களூர்த் தமிழில் சொன்னாராம்: "அது போயிடுச்சுப்பா. போன வாரம் வாசிச்சத இந்த வாரம் நானே வாசிக்க முடியாது."

"அப்படி ஒண்ணு இருக்கும்னே எனக்குத் தெரியாது, சிஸ்டர். ஒருத்தன் வாசிக்கான், அவனாலேயே அத திரும்ப வாசிக்க முடியாதுங்கான். அப்ப யாராவது பிடிச்சு வச்சிருக்கணும்லா?"

பயிற்சி முடிந்து ஊருக்குப் போனார். கல்யாணம், ஒரு பெண் குழந்தை, தீப்பெட்டி ஆபீஸ் வேலை, பிறகு ஓசூர். பெங்களூருக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது ஹோட்டல் இருந்த இடத்தில் கண்ணாடி வைத்த ஆபீஸ் கட்டிடம். அன்றிலிருந்து பெர்சியையும் அவர் வாசித்ததன் பதிவையும் தேட ஆரம்பித்தவர். நான் அவரைப் பார்த்தபோதே அந்தத் தேடல் பத்து வருடம் பழையதாகியிருந்தது.

பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை தெருவோரம் போடும் பழைய சாமான் கடைகளில் இசைத்தட்டு விற்கிறவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். வெளிநாட்டு டிரம்பெட்காரர்களின் தட்டுகளை எடுத்து நீட்டுவார்கள். வாங்கி, முழுக்கக் கேட்டு, "இவரு பெரிய ஆளுதான். ஆனா இவரு இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

ஒரு தடவை குந்தாரப்பள்ளிச் சந்தையில், மாட்டுக் கயிறும் தாம்பும் விற்கிற வரிசையில், சாக்கு விரித்துப் பழைய கேசட் குவித்திருந்த ஒருவனிடம் ஒன்றை எடுத்து வந்தார். மேலே ஆங்கிலத்தில் 'பெ' என்று தொடங்கி அழிந்துபோன எழுத்து. அறுபது நிமிடக் கேசட். கேட்டால் யாரோ ஒரு பெரியவர் தெலுங்கில் தன் மகனுக்குப் பேசி அனுப்பிய கடிதம். 'பெ' என்பது பெத்தப்பாவோ, அதாவது பெரியப்பாவோ என்னவோ. இவருக்குத் தெலுங்கு வராது. ஆனாலும் இரண்டு பக்கமும் முழுசாகக் கேட்டார். பின்பக்கத்தில் எங்காவது பெர்சி இருக்கலாம் என்று முதலில் நினைத்தாராம். பிறகு அந்தக் குரலை நடுவில் நிறுத்த மனசு வரவில்லையாம். எனக்குத் தெலுங்கு தெரியும். என்னிடம் கொண்டுவந்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார். கிணறு வெட்டியது, கடலை விளைந்தது, நீ வந்து பார்த்துவிட்டுப் போ, இவ்வளவுதான். நடுவில் உத்தனப்பள்ளி என்று ஊர்ப் பெயர் வந்தது.

அடுத்த ஞாயிறு ராயக்கோட்டை பஸ் ஏறி உத்தனப்பள்ளிக்குப் போய், இரண்டு நாள் லீவில் வீடு வீடாக விசாரித்து, அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடித்தார். பெரியவர் இறந்து பல வருடமாகியிருந்தது. மகன் அங்கேதான் இருந்தான். கேசட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நாங்கதாங்க எடைக்குப் போட்டோம்" என்றிருக்கிறான். இவர் கேசட்டைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். "அப்பன் கொரலு வேண்டாம்னு ஒருத்தன் இருக்கான். நான் எவனோ ஒருத்தன் ஊதினதுக்கு அலையுதேன்" என்றார். அன்றைக்கு மட்டும் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போனார்.

பெங்களூர் வானொலியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவருக்கு இரண்டு வருடம் கடிதம் எழுதினார். கடைசியில் பதில் வந்தது. பெர்சியின் குழு மூன்று தடவை வந்து வாசித்ததாம், பதிவும் செய்தார்களாம். அந்தக் காலத்தில் ஒலிநாடாவுக்குத் தட்டுப்பாடு. அதனால் அவற்றை அழித்து, மேலே விவசாய நிகழ்ச்சி பதிவு செய்துவிட்டார்களாம்.

அதே கடிதத்தில் இன்னொரு தகவலும் இருந்தது. பெர்சி கன்னட சினிமாப் பாட்டுகளில் இடையிசைக்கு வாசித்திருக்கிறார். ஆனால் எந்தப் பாட்டு என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை. அதுபோதும் அவருக்கு. யூடியூபில் அந்தக் காலப் பாட்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, நாலு விநாடி, ஏழு விநாடி என்று வெட்டிப் போனில் சேர்த்து வைத்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து ஹெட்போனை என் காதில் வைப்பார்.

"இது அவரு. கேட்டீங்களா? சுரத்துக்கு நேரா வராம, கொஞ்சம் கீழ கால வச்சு, தடுமாறுத மாதிரி தடுமாறி, அப்புறம் ஏறி நிக்கும். இது வேற ஆளு. இவன் நேரா வந்து ஒக்காந்துட்டான்."

எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும். தலையாட்டுவேன்.

வருடத்துக்கு ஒருமுறை பிரஸ் ஷாப் ஆட்களுக்குக் காதுப் பரிசோதனை செய்யவேண்டும். அதைச் செய்தவள் நான். என் மேஜைமேல் ஒரு பெட்டி. அதில் குமிழைத் திருப்பிப் பொத்தானை அழுத்தினால் ஹெட்போனில் ஒரு சத்தம் போகும். கேட்டால் விரலைத் தூக்கவேண்டும். கீழ் சத்தத்திலிருந்து மேல் சத்தம் வரை போய்த் தாளில் கோடு போடவேண்டும். இரைச்சலில் வேலை செய்கிறவர்களுக்கு முதலில் மேல் சத்தம்தான் போகும். கோடு அந்த இடத்தில் பள்ளம்போல இறங்கும்.

முதல் இரண்டு வருடம் அவருடைய கோடு நேராக இருந்தது. மூன்றாவது வருடம் சிறிதாக ஒரு பள்ளம். நான்காவது வருடம் பள்ளமே இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஐந்தாவது வருடம்தான் கவனித்தேன். அவரை எனக்கு முதுகு காட்டி உட்கார வைத்திருந்தேன். அவருக்கு எதிரே மருந்து அலமாரி. அதன் கண்ணாடிக் கதவில் என் கை தெரிந்தது. நான் பொத்தானை அழுத்தியதும் அவர் விரல் உயர்ந்தது. ஒரு தடவை அழுத்துவதுபோல் பாவனை மட்டும் செய்தேன். விரல் உயர்ந்தது.

ஹெச்.ஆரில் இருந்தவர் ஏற்கெனவே என்னிடம் சொல்லியிருந்தார். நல்ல மனிதர்தான், மெதுவாகத்தான் சொன்னார். "சிஸ்டர், நார்மல்னு போட்டுடுங்க. அன்ஃபிட்னு போட்டீங்கன்னா காண்டிராக்ட் ஆளுங்கள நாங்க வெச்சுக்க முடியாதுங்க. பாவம், எங்க போவாங்க?" பெர்மனென்ட் ஆளாக இருந்தால் ஸ்டோருக்கோ பேக்கிங்குக்கோ மாற்றுவார்கள். காண்டிராக்ட் ஆளை வீட்டுக்கு அனுப்புவார்கள். காதில் செருகும் பஞ்சு அடைப்பான் ஆடிட் வரும் வாரம் மட்டும் எல்லோருக்கும் கிடைக்கும்.

நான் நார்மல் என்று போட்டேன். அவருக்கு மட்டுமல்ல. ஆனால் அவருடையதைப் போடும்போது மட்டும் கை கொஞ்சம் நின்றது. நாலு வருடம் அப்படிப் போட்டேன்.

ஒரு தடவை நேராகவே கேட்டார். "சிஸ்டர், உள்ளதச் சொல்லுங்க. மேல இருக்கது எனக்கு விழுதா?"

"விழுதுங்க அண்ணா" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னும் எதையோ சொல்லி முடிக்கப்போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ.

அதன்பிறகு அவர் அடுத்தவர் பேச்சைக் கேட்கும் விதம் மாறியதை நான் மட்டும் பார்த்தேன். மற்றவர்களுக்குத் தெரியாது. அவரிடம் வந்து மனைவியைப் பற்றி, மேஸ்திரியைப் பற்றி, சீட்டுப் பிடித்து ஓடியவனைப் பற்றிச் சொல்கிறவர்கள் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். அவரும் உதட்டைப் பார்த்தபடி தலையாட்டிக்கொண்டேதான் இருந்தார். கேண்டீன் அக்கா ஒருநாள் என்னிடம், "செட்டர் அண்ணங்கிட்ட சொன்னா பாரம் எறங்கிடுதும்மா" என்றாள். முந்தின நாள் அவர் அவளிடம் தலையாட்டியதைப் பார்த்திருந்தேன். அவள் அழுத இடத்தில் அவர் புன்னகைத்தார்.

பெர்சியின் பதிவைக் கண்டுபிடித்தது அவர் இல்லை, நான்.

என் வீடு பாகலூரில். வேலை முடிந்து அக்கம்பக்கத்தில் ஊசி போடவும் புண்ணுக்கு மருந்து வைக்கவும் கூப்பிடுவார்கள். புதிதாகப் போட்ட லேஅவுட்டில் மகன் வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். பெங்களூர்க்காரர், சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண். மருந்து வைக்கும்போது வலி தெரியாமலிருக்க நாற்காலிக் கையில் விரலால் தட்டிக்கொண்டே இருப்பார். தட்டு ஒழுங்காக இருந்தது. கேட்டேன். "டிரம்ஸ் வாசிச்சவம்மா. ஹோட்டல்ல" என்றார். பெர்சி என்று ஒருவரைத் தெரியுமா என்று கேட்டேன். விரல் நின்றது.

"பெர்சிய உனக்கு எப்படித் தெரியும்?"

பெர்சி இறந்து நெடுங்காலம் ஆகிவிட்டது என்றார். "பல்லு போச்சு. பல்லு போனா டிரம்பெட்டும் போச்சு. அப்புறம் என்ன, குடிதான்." ஹோட்டல் மூடுவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை யாரோ டேப்பில் பிடித்து வைத்ததை மகன் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறான். இருபது நிமிடம். இருப்பது அது ஒன்றுதான்.

மறுநாள் செட்டர் அண்ணனிடம் சொன்னேன். இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. புரிந்ததும் என் மேஜைக்கு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சலவைச் சட்டை போட்டு, சவரம் செய்து, ஒரு டஜன் ஆப்பிளோடு வந்தார். பெரியவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மகன் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு ஸ்பீக்கரைத் திருப்பி வைத்தான்.

முதலில் தட்டு, கரண்டிச் சத்தம். யாரோ சிரிக்கிறார்கள். டிரம்ஸ் மெதுவாகத் தொடங்கியது. பிறகு அந்த டிரம்பெட் வந்தது. கிண்ணம் செருகி வாசித்தது. மெல்லியதாக, மேலே. எனக்குச் சங்கீதம் தெரியாது. அத்தனை வருடம் அந்தத் துண்டுகளைக் கேட்டுத் தலையாட்டியவளுக்கு அன்றைக்குத்தான் அவர் சொன்னது கேட்டது. கொஞ்சம் கீழே கால் வைத்து, தடுமாறி, ஏறி நின்றது. திரும்பி அவரைப் பார்த்தேன்.

தலையை வலப்பக்கம் சாய்த்து உட்கார்ந்திருந்தார். புருவம் சுருங்கியிருந்தது. சிறிது நேரம் கழித்து இடப்பக்கம் சாய்த்தார். நாற்காலியை ஸ்பீக்கருக்கு அருகில் இழுத்துக்கொண்டார். இருபது நிமிடமும் கேட்டார். முடிந்ததும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, மரியாதையாகச் சொன்னார்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. இது அவரு இல்ல."

"என்னப்பா சொல்றே? பக்கத்துல ஒக்காந்து வாசிச்சவன் நானு."

"இருக்கலாம்யா. இதுல அந்தத் தடுமாத்தம் இல்ல. மேல போகவும் இல்ல. அடைச்ச மாதிரி எங்கயோ தூரத்துல கெடக்கு. அவரு இப்படி வாசிக்கமாட்டாரு."

பெரியவருக்கு முகம் சுண்டிவிட்டது. மகன் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். நான் அந்த இடத்தில் சொல்லியிருக்கவேண்டும். அவர் காதில் எது விழும், எது விழாது என்று கோடு போட்டுப் பார்த்தவள் அந்த அறையில் நான் ஒருத்திதான். டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். மகன் பதிவை நகல் எடுத்துக் கொடுத்த பென்டிரைவை அவர் வாங்கவில்லை. நான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். பஸ் ஸ்டாப்பில், "பெரியவருக்கு வயசாயிட்டு. ஞாபகம் மாறியிருக்கும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

அடுத்த வருடம் பரிசோதனையை வெளி ஆட்களிடம் கொடுத்தார்கள். வேனுக்குள் மூடிய சின்ன அறை. கண்ணாடி அலமாரி எதுவும் கிடையாது. பதினொரு பேர் அன்ஃபிட். முதல் பெயர் அவருடையது.

கணக்கு முடித்துக்கொண்டு கடைசியாக என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டு அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து, உதடு தெரியும்படி மெதுவாக எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாவது வருடத்துப் பள்ளம், கண்ணாடியில் அவர் என் கையைப் பார்த்தது எனக்குத் தெரியும் என்பது, நார்மல் என்று நான் போட்டது, பாகலூரில் கேட்டது பெர்சிதான் என்பது. வழக்கம்போல முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

"மொதல்லயே அனுப்பியிருந்தா..." என்றார்.

"வேலை போயிருக்குங்க அண்ணா. அதனாலதான்..."

"வேல இப்பவும் போயிட்டுல்லா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "அப்பவே போயிருந்தா காது இருந்திருக்கும்."

பிறகு கேட்டார். "அது அவருன்னா, எப்படி வாசிச்சாரு? நீங்க கேட்டீங்கல்லா, சொல்லுங்க."

"நல்லா வாசிச்சாருங்க."

"அது எனக்குத் தெரியும். எப்படி வாசிச்சாரு?"

வாயைத் திறந்தேன். மெல்லிசா, மேலே, என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் வரவில்லை. அவர் என் உதட்டைப் பார்த்தபடி காத்திருந்தார். ஷிப்டு முடியும் சைரன் ஊதியது. எனக்குக் கேட்டது. அவர் காத்துக்கொண்டேயிருந்தார். நான் அழுததும் எழுந்து, "சரி சிஸ்டர், வாரேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டார்.

ஆறு வருடமாகிறது. நானும் அந்த வேலையை விட்டுவிட்டேன். போன வருடம் பென்டிரைவை எடுத்து, இருபது நிமிடத்தையும் நிறுத்தி நிறுத்திக் கேட்டு, கேட்டதை அப்படியே எழுதினேன். இந்த இடத்தில் ஏறுகிறது, இந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார், இங்கே டிரம்ஸ் நின்றுவிட அவர் மட்டும் தனியாகப் போகிறார். பதினேழு நாள் ஆனது. வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பினேன். படித்ததாகக் காட்டியது. ஒரு மாதம் பதில் இல்லை.

பிறகு ஒரு காலை வந்தது. "வாசித்தேன் சிஸ்டர். ரொம்ப நன்றி. இதை வாசித்தால் வேறு ஆள் மாதிரிதான் தெரிகிறது. மைசூரில் ஒருவரிடம் அவர் வாசித்த தட்டு இருப்பதாகச் சொல்கிறார்கள். போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்."